தலைவியின் ஜோடி

வியூ பார்க் குன்றில் வசிக்கும் கறுப்பினச் சீமாட்டிகளின் சங்கத்துக்கு செலஸ்டீன் தலைவியாகிவிட்டாள். ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவள் வீட்டில் விருந்து. டாக்டர் லயனல் ஓடி ஓடி இறால் பரிமாறினார்.

"இருபது வருஷமாகியும் புது மாப்பிள்ளை மாதிரியே சுத்தறாரே! என்னடி மருந்து வெச்சே?" என்று சீண்டினாள் பக்கத்து வீட்டு வினெட்டா.

"சொன்ன பேச்சு கேக்கற ஆளாப் பார்த்துப் பிடிச்சேன்," என்றாள் செலஸ்டீன். கூடமே சிரித்தது.

கடைசிக் காரும் கிளம்பியதும் லயனல் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"கிறிஸ்துமஸ் நடனத்துக்குச் சீக்கிரமே வந்துடு லயனல். தலைவியும் புருஷனும்தான் முதல்ல ஆடணும்."

"இனிமே முடியாது செலஸ்டீன். டிசம்பர்ல என் பொண்டாட்டிக்குப் பிரசவம். நமக்கு டிவோர்ஸ் ஆனதை இப்பவாவது சங்கத்துக்காரங்ககிட்ட சொல்லிடு."

முதலில் இந்தக் குன்றில் வீடு, பிறகு சங்கம், அப்புறம்தான் குழந்தை என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவள் செலஸ்டீன்தான்.

"நடனத்தன்னிக்கு டாக்டர் அவசர ஆபரேஷன் பண்ணப் போயிட்டார்னு சொல்லிக்கறேன். நீ கிளம்பு," என்றாள் தடுமாறாமல்.

அவர் படியிறங்கும்போது மட்டும் கூப்பிட்டாள்.

"லயனல்... ஆணா, பொண்ணான்னு ஒரு போன் பண்ணு."