ஒரு வார்த்தைக்கு எத்தனை கால்?

“தம்பியைத் தொலைச்சுட்டு நிக்கிறேன். ஒங்க ஆளு வெளையாடுறாரா?”

ஆரப்பாளையம் அச்சகத்துக்குள் நுழைந்ததுமே முத்திருளன் முதலாளியிடம் கத்தினான். கையில், சுவரிலிருந்து கிழித்த நோட்டீஸ்.

வயக்காட்டில் நாலு பேர் முன்னால் தம்பி மருதுவை அறைந்துவிட்டான். மருது அன்றே வீட்டை விட்டுப் போய்விட்டான். முத்திருளன் பேரையூரிலிருந்து வந்து போட்டோ, வயசு, அடையாளம் எல்லாம் கொடுத்து, ‘காணவில்லை’ என்று அடித்து ஒட்டச் சொல்லியிருந்தான்.

அது எதுவுமே அதில் இல்லை. மேலே பொடி எழுத்தில் ‘மருது’. கீழே ஒரே வார்த்தை, ‘வாடா’. அந்த ‘வா’வுக்கு மட்டும் இருபது முப்பது துணைக்கால், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும். மீதியெல்லாம் வெள்ளை.

“ஒரு வார்த்தைக்கு எத்தனை காலுய்யா போடுவீரு?”

எழுத்துக் கோக்கும் சிக்கந்தர் நிமிர்ந்தார்.

“தம்பியை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு கேட்டேன். கெணத்து மேட்டுல நின்னு கூப்பிடுற மாதிரி கூப்பிட்டுக் காட்டுனீங்க. அதைத்தான் கோத்தேன்.”

முதலாளிக்குத் தர்மசங்கடம். “மதுரையில பாதி பிரஸ்காரன் ஒங்களைப் பாத்துத்தான் எழுத்தைச் சாய்க்கிறான், வளைக்கிறான். அதுக்காக இதுலயுமா பாய்?”

“இவரு இங்க இருந்தா எங்க ஊர்க்காரன் ஒருத்தனும் வரமாட்டான்!” என்றான் முத்திருளன்.

அன்றைக்கே சிக்கந்தருக்கு வேலை போயிற்று. போட்டோவோடு புது நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பத்தாம் நாள் மருது பேரையூர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“போட்டோவைப் பாத்துத்தானடா வந்த?”

“அதைப் பாத்துட்டு, போலீசு தேடுதுன்னு பயந்து மேலூருக்கு ஓடிட்டேண்ணே. அங்க பஸ் ஸ்டாண்டுல இன்னொரு நோட்டீஸ் இருந்துச்சு. வாசிச்சேன். நீ கூப்புடுற மாதிரியே கேட்டுச்சு. நிக்க முடியல.”

முத்திருளன் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

அச்சகத்தில் மிஷின் ஓட்டும் சோணைமுத்து மட்டும் இருந்தார்.

“பாய் எங்கண்ணே?”

“வீட்டைக் காலி பண்ணிட்டாரு. எந்த ஊருன்னு சொல்லல.”

“எம்புட்டு யோசிச்சு அடிச்சிருக்காரு மனுசன்! கையைப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்ணே. நாந்தான் முட்டாப்பய, அவரு பொழப்பைக் கெடுத்துட்டேன்.”

சோணைமுத்து மிஷினை நிறுத்தினார்.

“அவரு மகனும் இப்படித்தான் கோவிச்சுட்டுப் போனான். எட்டு வருசமாச்சு. போட்டோ, வயசு, அடையாளம் எல்லாம் சரியாப் போட்டு அவரே நோட்டீஸ் கோத்தாரு.”

“பையன்?”

“வரல.”