தலைக்கு ஒரு புள்ளி

பைக் ரேஸ் பார்க்க மைதானத்துக்கு ஆளே வருவதில்லை என்று ரேஸ் நடத்துபவர்கள் புள்ளிக் கணக்கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ரசிகர்களிடமே ஓட்டெடுத்து ஒரு விதி வந்தது. முதலில் வந்தால் மூன்று புள்ளி. வீரனுக்காகக் கேலரியில் உட்காரும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு புள்ளி.

அன்றிலிருந்து, எல்லாப் பந்தயத்திலும் முதலில் வந்த இன்பரசு பட்டியலில் கடைசியில் கிடந்தான். அவனுக்காக வந்தது அம்மா செல்வராணி மட்டும்தான். வளைவுக்கு வளைவு விழுந்து எழும் மருதாசலம் சாம்பியன் ஆகிவிட்டான். அவனுக்குத் தாய்மாமன்களே ஏழு பேர்.

பொறுக்கமாட்டாமல் செல்வராணி மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினாள். "நகையெல்லாம் வேண்டாங்க. உங்க பக்கம் சனம் எத்தனை?"

"நானூறு தலைங்க," என்றார் பெண்ணின் அப்பா. "ஒவ்வொரு ரேசுக்கும் லாரில ஏத்தி அனுப்பீர்றேன். சோறு மட்டும் நீங்க போட்டுருங்க."

தனியாகப் பேச விட்டதும் பெண் தாரணி கேட்டாள்: "ரொம்ப வேகமா ஓட்டுவீங்களாமே?"

புது விதி வந்தபிறகு அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். இன்பரசுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஆமாங்க!"

"கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. கடைசிப் பந்தி எந்திரிக்கறதுக்குள்ள ஜெயிச்சுப்போட்டீங்கன்னா, எங்க சனம் கோவிச்சுக்கும்."