தண்ணீர் இல்லாத பகல்

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியின் ஜன்னலோரக் கட்டிலில், ஒரு பரிசோதனைக்காகக் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். மணிக்கொரு முறை நான் பிடித்துக் கொடுத்த சிறுநீர் எதிர் மேசையில் கண்ணாடி டப்பாக்களில் நிற்கிறது. எல்லாமே பச்சைத் தண்ணீர் போலிருக்கின்றன. சாயங்கால வெயில் அவற்றினூடே போய்ச் சுவரில் ஆடுகிறது. கணவர் உதட்டைத் துடைத்தபடி உள்ளே வருகிறார். "டீ குடிச்சியளோ?" என்கிறேன். "இல்லையே." "மீசை சொல்லுதே!" நர்ஸ் ஹெப்சிபா சிரித்துவிடுகிறாள். இரத்தம் கெட்டிப்படும்போது மூளையின் செல்கள் ஒன்றுக்கொன்று ரசாயனச் செய்தி அனுப்பி வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்குமாம். நீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்திடம் சொல்வது அதுதானாம். எனக்குள் அந்தச் சொல் எங்கோ நின்றுபோயிருக்கிறது. ஓயாத தாகமும் சிறுநீருமாய் ஒரு பீரியட்கூட நின்று பாடம் நடத்த முடியாமல், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கு நீண்ட லீவு போட்டிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்தான் அந்த ஹார்மோனைப் போன்ற மருந்தை மூக்கில் அடித்தார்கள். இனி வருவது மஞ்சளானால் சிறுநீரகத்தில் குறையில்லை, மருந்தே போதும். நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. ஆனாலும் பயமில்லை. என் உடம்பு சொன்னால் கேட்கிற உடம்பு. இத்தனை நாளும் சொல்லத்தான் ஆளில்லை. கடைசி டப்பாவை ஹெப்சிபா வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். "அக்கா, எம்புட்டு மஞ்சள் பாருங்க!" கணவர் முகத்தைச் சுளிக்கிறார். "ஏம்மா, அதையா தூக்கிக் காட்டுத?" நான் கண்ணெடுக்காமல் பார்க்கிறேன். "ஹெச்செம்முக்குப் போனைப் போடுங்க," என்கிறேன் அவரிடம். "திங்கக்கிழமை வாரேன்னு சொல்லணும்."