எங்க சனந்தானுங்க

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு மனைவி அமுதினியோடு தன் அம்மாவையும் கூட்டி வந்தது தப்பு என்று, ஆஸ்பத்திரியின் பரிசோதனை இயந்திரம் பேச ஆரம்பித்ததுமே பூபதிக்குப் புரிந்துவிட்டது.

"தாய் எந்தச் சமூகம்? குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் அபாயத்தைக் கணக்கிட வேண்டும்."

"எங்க சனந்தானுங்க," என்று அம்மா முந்திக்கொண்டாள். கல்யாணத்தின்போது பூபதி சொன்ன பொய்யை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

"அபாயம் குறைவு. தடுப்பு ஊசி தேவையில்லை."

அமுதினி அவனைப் பார்த்தாள். அவளுடைய சனத்துக்கு அந்த ஊசி கட்டாயம் என்பது இருவருக்கும் தெரியும். பூபதி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கெளம்பலாமா கண்ணு?" அம்மா பையை எடுத்தாள்.

அமுதினி எழுந்திருக்கவில்லை. வீட்டில் வாய் தவறியும் சொல்லிவிடாதே என்று பூபதி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்த தன் சாதிப் பெயரை, வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அம்மா பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"நன்றி. இடது கையை நீட்டுங்கள்," என்றது இயந்திரம்.

அந்தப் பெயருக்காக அவளிடம் நன்றி சொன்ன முதல் குரல் அதுதான் என்று பூபதிக்குத் தோன்றியது. ஊசி இறங்கும்போது அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினான். அவளுடைய வலது கை மடியிலேயே இருந்தது.