ஒட்டடை

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று சோதிக்க வந்த பெண் ஏணியைத் தொடவே இல்லை. படிவத்தைத் தையல் மெஷின்மேல் விரித்து, அதிலிருந்த இரண்டு கட்டங்களைக் காட்டினார்.

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு ரெண்டு விதமா சோதனை பண்ணலாம். கட்டடம் இப்படியே இருக்கும்னா, நகத்தளவு துண்டு எடுத்துட்டு அந்த இடத்தை அடைச்சிடுவேன். இடிக்கப் போறீங்கன்னா சுவரு, தரை, கூரை எல்லாத்தையும் உடைச்சுப் பாக்கணும். எது வேணும்?"

செண்பகம் தம்பி குணசீலனைப் பார்க்கவில்லை. இடம் இருவருக்கும் பொது. தையல் வகுப்பு நடத்துவது அவள். இடித்துவிடலாம் என்று குணசீலன் மார்கழியில் சொன்னபோது அவள் மறுத்துப் பேசவில்லை. இருபது வருடத்தில் முதல் தடவையாகப் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்காமல் விட்டாள், அவ்வளவுதான்.

குணசீலன் அண்ணாந்து பார்த்தான். மெஷின்களுக்கு மேலே ஒட்டடை கறுத்துத் தொங்கியது. அக்கா புழங்கும் இடத்தில் அவன் அப்படியொன்றைக் கண்டதே இல்லை. கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இந்த ஷீட்டுல ஒட்டடை அடிக்கலாமா?"

"தொடப்பம் ஆகாது, விஷத் தூசி பறக்கும். ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடுக்கணும்." அவர் பேனாவை, கட்டடம் இப்படியே இருக்கும் என்ற முதல் கட்டத்தில் வைத்தார். "அப்ப இதுதானே?"

குணசீலன் வாளி எடுக்கப் போனான்.

"பெரிய வாளிடா," என்றாள் செண்பகம். மார்கழிக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.