கைவிட்ட வியாபாரி

“நாளையிலேருந்து உங்க ஸ்கூலுக்குக் காய் கெடையாது டீச்சர். வேற ஆளப் பாத்துக்குங்க.”

கடலூர் மார்க்கெட் வியாபாரி கோவிந்தசாமி போனை வைத்துவிட்டார்.

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் மலர்க்கொடிக்குத் தலை சுற்றியது. விடிந்தால் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். வெறும் சோற்றையா போடுவது?

“வருஷக்கணக்கா அவருகிட்டதான் வாங்குறோம். கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா பாரு!” என்று சமையலர் விருத்தாம்பாளிடம் பொரிந்து தள்ளினாள்.

“பெரிய ஓட்டலு ஏதாச்சும் மாட்டியிருக்கும். இனிமே நாமெல்லாம் கண்ணுக்குத் தெரிவமா?”

யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்!

மறுநாள் காலை, கடவுள் புண்ணியத்தில், பள்ளி வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அதே ஊர் விவசாயி பக்கிரி. கூடை நிறையக் கத்தரிக்காய், பனி ஈரம்கூடக் காயவில்லை.

“ஸ்கூலுக்கு வேணுமா டீச்சர்? இப்பதான் பறிச்சேன்.”

அன்று காயைத் தட்டோரம் ஒதுக்கும் வாண்டுகள்கூட இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டன. விருத்தாம்பாள் அண்டாவைச் சுரண்ட வேண்டியதாயிற்று.

அடுத்தடுத்து வெண்டைக்காய், அவரைக்காய், கீரை என்று மற்ற விவசாயிகளும் வர ஆரம்பித்தார்கள். மலர்க்கொடிக்குத் தலைகால் புரியவில்லை.

“அந்தக் கோவிந்தசாமி மொகத்துல கரியப் பூசிட்டோம் பக்கிரி! அவரு இல்லன்னா நம்மூர்ல காயே கெடைக்காதா என்ன?”

பக்கிரியின் முகம் மாறியது.

“அவர ஏசாதீங்க டீச்சர். எங்க எல்லாருக்கும் போன் போட்டு, ஸ்கூலுக்குக் கொண்டுபோங்கடான்னு அனுப்புனதே அவருதான்.”

“அவரா? எதுக்கு?”

“நாங்க பறிச்சத அவரு கடையிலதான் போடுவோம். அது ரெண்டு நாள் அங்க கெடந்துட்டு, மறுபடி வேன்ல ஏறி நம்ம ஸ்கூலுக்கே வரும். ஊர்லயே வாங்கிக்குங்கன்னு உங்ககிட்டயும் சொன்னாராமே?”

சொன்னார்தான். ‘வயல் வயலா நான் அலையணுமா? நீங்களே அனுப்புங்கண்ணே’ என்று அவர் வாயை அடைத்தவள் மலர்க்கொடிதான்.

அவளுக்குக் குரல் இறங்கிப்போனது. “அவருக்கு யாவாரம் போச்சே பக்கிரி...”

“நானும் கேட்டேன். ‘யாவாரத்த வேற எடத்துல புடிச்சுக்கலாம்டா. உங்க ஊர்ல வெளைஞ்சத, அது வதங்குனப்புறம்தான் உங்க புள்ளைங்க திங்கணும்னு என்ன தலையெழுத்து?’ன்னாரு.”