எறும்புக் கடி

முளைத்து ஒரு வாரமே ஆன இரண்டு பற்களால் குழந்தை மறுபடியும் மார்பில் கடித்ததும், செண்பகம் அதன் தொடையில் அழுத்திக் கிள்ளிவிட்டாள். குழந்தை வீரிட்டது. புருஷனும் அவனுடைய அக்கா கோமதியும் ஓடிவந்தார்கள். தொடையில் சிவந்து தடித்திருந்த இடத்தை அவன் பார்த்தான்.

"எறும்பு கடிச்சிருக்கு. மெத்தைய உதறாமலா பிள்ளையப் போட்ட?" என்று கத்தினான்.

மெத்தை, தலையணை, விரிப்பு எல்லாவற்றையும் உதறினார்கள். செண்பகமும் கூடச் சேர்ந்து தேடினாள். கட்டில் காலருகே ஊர்ந்த ஓர் எறும்பைக் கோமதிதான் பிடித்தாள்.

"இந்தா, இதான்" என்று தம்பிக்குக் காட்டிவிட்டு நசுக்கினாள்.

அவன் சமாதானமாகி வேலைக்குக் கிளம்பினான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் கோமதி செண்பகத்தின் கையை இழுத்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"எறும்புக்கு நகம் உண்டா?"

"மதினி, அவ கடிச்ச கடியில உசுரே போயிட்டு..."

"இனிமே பிள்ள என்கூட இருக்கட்டும். பசிச்சா கொண்டாந்து தாரேன், பாலக் குடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துரு. மாட்டேன்னா தம்பிகிட்ட சொல்லுவேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே குழந்தை அழுதது. செண்பகம் கூடத்திலேயே நின்றாள். நன்றாக அழட்டும், கோமதி எவ்வளவு நேரம் தாங்குகிறாள் பார்ப்போம் என்றிருந்தது அவளுக்கு. அழுகை மெல்ல அடங்கியது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குழந்தை கலகலவென்று சிரித்தது.

செண்பகம் இரண்டு கைகளாலும் கதவை அறையத் தொடங்கினாள்.